டப்பாவில் சிரிக்கும் குழந்தை

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், வார்டுக்குள் நுழையும் இடத்தில், சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஒரு கடிகாரம் மாட்டியிருந்தது. அதன் நடுவில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. கொழுகொழு கன்னம், மேலுதட்டில் பால் மீசை. இரண்டு முட்களும் குழந்தையின் மூக்கிலிருந்து கிளம்பிச் சுற்றின. அடியில் தங்க எழுத்தில் 'ஒரு டம்ளர், ஒரு தலைமுறை' என்று போட்டிருந்தது.

கடிகாரத்தை அன்பளிப்பாகக் கொடுத்தவர் இப்போது அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். சத்துப் பவுடர் முதலாளி. எதிரில் இருக்கும்போது எல்லோரும் அவரை 'ஐயா' என்பார்கள்; தலை மறைந்ததும் 'டப்பா சார்'. இரண்டாவது பெயர் அவருக்குத் தெரியாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியும். அதையும் ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

படத்திலிருந்த குழந்தை அவருடைய மகள். மூன்று வயதில் எடுத்து, பவுடர் டப்பாவிலும் அச்சடித்த படம். இப்போது அவளுக்குப் பத்தொன்பது. உள்ளே, ஜன்னலோரக் கட்டிலில், இரண்டு போர்வைகளுக்குள் சுருண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த அறையில் மற்றவர்கள் எல்லோரும் மின்விசிறியைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் விஷயத்தைக் கடைசியாகக் கவனித்தவர் முதலாளிதான். ஒரு வருடமாகவே மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, அவ சாப்பிடறதே இல்ல. தட்டுல இருக்கறத இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிட்டு எழுந்து போயிடறா."

"வயசுப் பொண்ணு. அப்படித்தான் இருக்கும்."

"முடி கொத்துக் கொத்தா கொட்டுது."

"ஷாம்பூவ மாத்து."

இதோடு நிற்காமல், ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து, "என் மகளைப் பாருங்கள். எந்த விருந்துக்குப் போனாலும் ஒரு வாய்க்கு மேல் தொடமாட்டாள். கட்டுப்பாடு! இன்றைய இளைஞர்களுக்கு வேண்டியது அதுதான்!" என்று முழங்கவும் செய்தார். பலத்த கைதட்டல். முன்வரிசையில் இருந்த மனைவி தரையைப் பார்த்துக்கொண்டாள். மேடையில் பக்கத்து நாற்காலியில் இருந்த மகள், யாரோ மெடல் குத்திவிட்டதைப் போல, நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்துப் பவுடர் விற்கும் மனிதர் சாப்பிடாததைப் புகழ்கிறாரே என்று கேட்க அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பரிசு வாங்கப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அதற்கு அடுத்த மாதம் மகள் கல்லூரி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். நாடியைப் பிடித்துப் பார்த்த டாக்டர் தன் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார். அவ்வளவு மெதுவாக அடித்தது.

டாக்டர் குள்ளமான பெண்மணி. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவரிடம் பேச்சு சில்லறையாகத்தான் வரும். முதலாளியையும் மனைவியையும் தன் அறையில் உட்காரவைத்து, பசித்தாலும் சாப்பிட மறுக்கும் அந்த நோயின் பெயரைச் சொன்னார். பெயர் நீளமாக இருந்ததில் முதலாளிக்கு ஒரு சின்ன ஆறுதல். சாதாரண நோய் தன் வீட்டுக்கு வராது.

"சாப்பாட்டைக் கொஞ்சமா ஆரம்பிச்சு, மெதுவாத்தான் கூட்டப் போறோம். தினமும் ரத்தம் பார்ப்போம். இதயம் எப்படி ஓடுதுன்னு மெஷின் பார்த்துட்டே இருக்கும்" என்றார் டாக்டர்.

"கொஞ்சமாவா?" என்றார் முதலாளி. "டாக்டர், பட்டினி கிடந்த பிள்ளை. அள்ளிக் கொடுக்க வேணாமா?"

"அள்ளிக் கொடுத்தா செத்துப் போயிடுவா சார்."

வாக்கியம் இவ்வளவு சின்னதாக வரும் என்று முதலாளி எதிர்பார்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கினார்.

"உடம்பு ரொம்ப நாளா கடையை மூடி வெச்சிருக்கு. கையிருப்புல எல்லாம் காலி. இப்பத் திடீர்னு சர்க்கரையும் மாவுமா உள்ள இறக்கினா, அதைச் செலவு பண்ண பாஸ்பேட்னு ஒரு உப்பு வேணும். ரத்தத்துல இருக்கற கொஞ்சநஞ்சத்தையும் உடம்போட செல்லெல்லாம் இழுத்துக்கும். அப்புறம் இதயத்துக்கு இல்ல, மூச்சு விடற தசைக்கு இல்ல. அதனாலதான் வெளிச் சாப்பாடு எதுவும் கூடாது. ஒரு பிஸ்கட் கூட எங்களுக்குத் தெரியாம போகக்கூடாது. புரியுதுங்களா?"

மனைவி தலையாட்டினாள். முதலாளியும் ஆட்டினார். கூட்டங்களில் பிறர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே தன் அடுத்த பேச்சைத் தயாரிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அறையை விட்டு வெளியே வந்ததும் அந்தப் பேச்சு வெளிப்பட்டது.

"சரியான கஞ்ச டாக்டர்! அரை ரொட்டி, கால் கப் சூப். இதுக்கு ஒரு ஆஸ்பத்திரி."

"காரணம் சொன்னாங்களே."

"அவங்களுக்கு வைத்தியம் தெரியும், ஒத்துக்கறேன். ஊட்டச்சத்து யாருக்குத் தெரியும்? சொல்லு. யாருக்குத் தெரியும்?"

மனைவி சொல்லவில்லை. அது பதிலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

வார்டின் நடைமுறைகள் முதலாளிக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். சிஸ்டர் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு தட்டில் சாப்பிடுவார். சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருப்பார். குளியலறைக் கதவைத் தாழ் போடக்கூடாது. காலையில் எடை பார்க்கும்போது மகள் தராசுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். எண்ணை அவளிடம் யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு தொழிற்சாலையையே நடத்துகிறவருக்கு, ஒரு பெண்ணைச் சாப்பிட வைக்க இத்தனை காவல் தேவையா என்று வியப்பாக இருந்தது. அதிலும் அந்த சிஸ்டர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மழை, பஸ், தன் தங்கையின் மாமியார் என்று என்னத்தையோ பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிடும்மா, உடம்புக்கு நல்லது" என்று ஒரு தரமாவது சொல்ல வேண்டாமா?

மறுநாள் மாலை பார்வை நேரத்தில் முதலாளி ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார். கம்பெனிப் பெயர் பொறித்த ஃபிளாஸ்க்.

"சார், அதுல என்ன?" என்றார் சிஸ்டர்.

"வெந்நீர். எனக்குத் தொண்டை. அடிக்கடி மேடைல பேசறவன் பாருங்க."

சிஸ்டர் நம்பினார். முதலாளி பேசுவதை அந்த மாடி முழுவதும் கேட்டிருந்தது.

சிஸ்டர் பக்கத்துக் கட்டிலுக்குப் போன சமயம், முதலாளி ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றி நீட்டினார். கெட்டியாக, பழுப்பாக, ஆவி பறந்தது. விளம்பரத்தில் வருவது போலவே இருந்தது.

"பாப்பா, அப்பா கையால. ஒரே ஒரு மூடி."

மகள் மூடியைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கஷாயம் குடிப்பது போல ஒரே மூச்சில் குடித்தாள். குடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முதலாளியின் வாழ்க்கையில் எத்தனையோ வெற்றிகள் உண்டு. எதுவும் இதற்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றியது. டாக்டர்கள், சிஸ்டர்கள், நீளமான பெயர் கொண்ட நோய் எல்லோரையும் ஒரு மூடியால் வென்றுவிட்டார். மறுநாள் இரண்டு மூடி. அதற்கடுத்த நாள் ஃபிளாஸ்க் காலி.

நான்காம் நாள் காலை எடை பார்க்கும்போது சிஸ்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எண் ஒரேயடியாக ஏறியிருந்தது. நடையில் வந்து நின்று மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"சதை போட்டுட்டா மச்சான்! கண்ணால பார்த்தேன்."

"அப்படியா மாமா! அந்த டாக்டருக்கு நல்ல கைராசி போல."

"டாக்டரா? கைராசி யாருதுன்னு நேர்ல வந்து சொல்றேன், வை."

அன்றைக்கே வார்டு ஊழியர்களுக்கு ஆளுக்கொரு டப்பா வரவழைத்தார். அதைக் கொடுக்கும்போது நாலு வார்த்தை பேசலாம் என்றிருந்தார். நாலு வார்த்தை என்பது அவர் கணக்கில் முக்கால் மணி நேரம். "அன்பார்ந்த செவிலியர்களே" என்று தொடங்கியபோது, டாக்டர் அவரைக் கடந்து வேகமாக உள்ளே போனார். டாக்டர் வேகமாக நடந்து அவர் பார்த்ததில்லை.

பின்னாலேயே போனார். மகள் தலையணையில் சாய்ந்து, மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை எங்கும் நிற்கவில்லை. மெஷினில் அலை நாலு ஒழுங்காக வந்து, ஒன்று தடுக்கி விழுந்து, மறுபடி வந்தது. டாக்டர் போர்வையை விலக்கி, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார்.

"பாருங்க, கால் எப்படிப் பூசினாப்புல இருக்கு" என்றார் முதலாளி. குரலில் இன்னும் கொஞ்சம் விழா மிச்சமிருந்தது. "குச்சி மாதிரி இருந்தது டாக்டர்."

டாக்டர் விரல் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியும் பார்த்தார். பிசைந்த மாவில் விரல் பதித்தது போல அங்கே ஒரு பள்ளம். அது மேலே வரவில்லை. அவர் காத்திருந்தார். அப்போதும் வரவில்லை.

"இது சதை இல்ல சார். தண்ணி" என்றார் டாக்டர். சிஸ்டர் பக்கம் திரும்பினார். "பாஸ்பேட் தரையைத் தொட்டுடுச்சு. நேத்தே இறங்கிச்சு, மருந்தைக் கூட்டினேன். நாம கொடுக்கற சாப்பாட்டுக்கு இவ்வளவு இறங்காது. வேற எங்கிருந்தோ உள்ள போகுது. என்ன போகுது?"

"என் கண் முன்னாடி எதுவும் போகல டாக்டர்" என்றார் சிஸ்டர். முகம் வெளுத்திருந்தது. "சத்தியமா."

"உங்க கண்ணுக்குப் பின்னாடி?"

மனைவி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். பொதுவாழ்க்கையில் இருபத்தைந்து வருடம் மூடாத வாய் இப்போது மூடியிருந்தது. அந்தச் சில நொடிகளில் முதலாளிக்கு முதலில் நினைவுக்கு வந்தது மகள் இல்லை, கம்பெனியின் பெயர். பத்திரிகை. டப்பாக்கள். பிறகுதான் மெஷினில் அலை இன்னொரு முறை தடுக்கியது.

"ஃபிளாஸ்க்" என்றார்.

"என்ன ஃபிளாஸ்க்?"

"நான்தான் கொடுத்தேன். எங்க பவுடர். மூணு நாளா."

"அதுல என்ன இருக்கு?"

"இருபத்தேழு வகை உயிர்ச்சத்துக்கள் அடங்கிய, வளரும் தலைமுறைக்கான..." வாய் தானாக ஓடியது. வேறு விதமாக அதற்குச் சொல்லத் தெரியாது.

"விளம்பரம் வேணாம் சார். சர்க்கரை எவ்வளவு?"

"இயற்கையான இனிப்பு..."

"எவ்வளவு?"

"பாதிக்கு மேல."

இதை அவர் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. சத்தம் போட்டுச் சொன்னதே அதுதான் முதல் தடவை.

"பாதிக்கு மேலயா?" என்றார் சிஸ்டர், தன் பயத்தையும் மறந்து. "என் பையனுக்கு அதைத்தானே சார் காலைலயும் ராத்திரியும் கலந்து கொடுக்கறேன்!"

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் முதலாளிக்குப் பதில் சொல்லவாவது வழி கிடைத்திருக்கும். கையில் ஊசி வழியாக பாஸ்பேட் ஏற்றச் சொன்னார், வைட்டமின் ஊசியை மறுபடி போடச் சொன்னார், சாப்பாட்டை முதல் நாள் அளவுக்கும் கீழே குறைத்தார், கட்டிலை சிஸ்டர்கள் உட்காரும் மேசைக்கு நேர் எதிரே தள்ளிவைக்கச் சொன்னார். "இன்னும் குறைச்சலாவா?" என்ற கேள்வி முதலாளியின் பல் வரை வந்து திரும்பிப் போயிற்று. கடைசியாக டாக்டர் அவரைப் பார்த்தார்.

"வெளியே இருங்க சார்."

வெளியே இருந்தார். கடிகாரத்துக்குக் கீழே. வெளியே உட்கார வேறு இடம் இல்லை. தலைக்கு மேல் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நிமிடமும் அதன் மூக்கில் ஒரு சின்ன 'டக்'. இந்தச் சத்தம் கேட்கும் என்று கடிகாரம் செய்து கொடுத்தவன் அப்போதே எச்சரித்திருந்தான். கம்பீரமாக இருக்கும் என்று இவர்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்.

மனைவி உள்ளேயும் வெளியேயுமாக நடந்தாள். ஒருமுறை அவர் எதிரில் வந்து நின்றாள்.

"நான் வேணும்னு செய்யலம்மா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். கொஞ்ச நாள் பேசாம இருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆயிடாது."

இரண்டு நாள் கழித்து எண்கள் ஏறத் தொடங்கின. அலை தடுக்குவது நின்றது. காலில் பள்ளம் விழுவது குறைந்தது. மகள் தண்ணீர் கேட்டாள். பிறகு, சிஸ்டரின் தங்கைக்கும் மாமியாருக்கும் சண்டை என்ன ஆயிற்று என்று கேட்டாள். டாக்டர், ஆபத்து தாண்டியது என்று சொல்லவில்லை. "இன்னிக்கு நேத்தை விடப் பரவாயில்ல" என்றார். அவர் கையிலிருந்து அதற்கு மேல் விழாது என்பதை முதலாளி இதற்குள் கற்றிருந்தார்.

அன்று மாலை முதலாளி டாக்டரின் அறைக்குப் போனார். கடிகாரத்தின் கீழ் உட்கார்ந்தபோதே தயாரித்த உரை அது. நின்றபடி தொடங்கினார்.

"டாக்டர், இதற்கெல்லாம் காரணம் நான்தான். அந்த டப்பாவில் என் மகளின் முகத்தை என்றைக்கு அச்சடித்தேனோ, அன்றைக்கே அவளுடைய பசியை நான்..."

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி அந்த உரை வராது.

"ஃபிளாஸ்க் உங்க தப்பு. அதை எழுதி வெச்சுட்டேன். நோய் வேற. அதுக்கு உடம்புல ஒரு காரணம், பரம்பரைல ஒண்ணு, மனசுல ஒண்ணு, வெளிய நூறு. எல்லாம் நான்தான்னு நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா, இந்தக் கதையிலயும் நீங்கதான் ஹீரோ. அந்த வேலை இங்க காலி இல்ல."

முதலாளிக்குக் கோபம் வரவேண்டிய இடம். தேடிப் பார்த்தார், வரவில்லை.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"அவ எழுந்து உக்கார ஆரம்பிச்சதும், மேசைல கூட உக்காந்து சாப்பிடுங்க. அரை மணி நேரம். சாப்பாட்டைப் பத்தி, எடையைப் பத்தி, பவுடரைப் பத்தி ஒரு வார்த்தை கூடாது. 'சபாஷ்' கூடாது. உங்க தட்டை நீங்க காலி பண்ணணும். நீங்க பண்ணாம அவளைப் பண்ணச் சொல்ல முடியாது."

"அவ்வளவுதானா?"

"பண்ணிப் பாருங்க" என்றார் டாக்டர். அவர் சிரித்தது போல இருந்தது. கண்ணாடி மறைத்துவிட்டது.

அடுத்த வாரம் மகள் மேசைக்கு வந்தாள். இரண்டு தட்டுகள். ரொட்டி, அவித்த முட்டை, சூப். சிஸ்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஏதோ மருந்துச் சீட்டைப் படிப்பது போல இருந்தார். மகள் நாற்காலியை இழுத்தாள், உட்காரவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"அப்பா, அத எடுத்துடறீங்களா?"

நோயில் படுத்த நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்ட முதல் விஷயம். முதலாளி உற்சாகத்தோடு நாற்காலி மேல் ஏறி, கடிகாரத்தைக் கழற்றினார்.

"சார், சார்! அரை மணி எப்படிப் பார்க்கறது?" என்றார் சிஸ்டர்.

"என் கைல வாட்ச் இருக்கு" என்றார். இறங்கி, குழந்தையின் முகம் சுவரைப் பார்க்கும்படி கடிகாரத்தை மூலையில் சாய்த்துவைத்தார். அங்கே இருந்தும் அது 'டக்' என்றது.

சாப்பிட ஆரம்பித்தார்கள். மகள் ரொட்டியைக் கிள்ளினாள். நகத்தளவு துண்டு. அதை வாயில் வைக்க ஒரு யுகம் ஆயிற்று. முதலாளி பேச ஏதாவது தேடினார். தொழில், தொழிற்சாலை, புது விளம்பரம், மேடை. எல்லாம் சாப்பாட்டில்தான் போய் முடிந்தது. அதைக் கழித்துவிட்டால் தன்னிடம் பேச்சே மிச்சமில்லை என்பது முட்டையைக் கடிக்கும்போது அவருக்கு உறைத்தது. உப்பில்லாத முட்டை.

"அடுத்த வீட்டு நாய் குட்டி போட்டுச்சா?" என்றாள் மகள்.

அடுத்த வீட்டில் நாய் இருப்பதே அவருக்குச் செய்தி. "தெரியல" என்றார். "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"கருப்புக் குட்டி இருக்கான்னும் கேளுங்க."

"கேக்கறேன்."

அவள் முட்டையைத் தின்றாள். சூப்பில் பாதி. பிறகு கை நின்றுவிட்டது. கண்ணில் நீர் திரண்டது; ரொட்டித் துண்டை ஒரு பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள். முதலாளியின் தொண்டையில் ஒரு முழு உரை வந்து முட்டியது. கை மேசைக்கு அடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டது. தன் ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். வாய் நிறைந்திருந்தால் பேச முடியாது. அந்தத் தந்திரம் அவருக்கு இந்த வயதில்தான் அகப்பட்டது.

"அன்னிக்கு நான் அத ஏன் குடிச்சேன் தெரியுமா?" என்றாள் மகள், தட்டைப் பார்த்தபடி.

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"உங்க கை நடுங்குச்சு. அப்பாவுக்குக் கை நடுங்கி நான் பார்த்ததில்ல. பாவமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க அதக் குடிச்சே நான் பார்த்ததில்லையே?"

"எனக்கு சுகர்" என்றார் முதலாளி.

மகளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா என்று சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு. ஆள் மெலிந்திருந்ததால் சிரிப்பும் மெலிந்திருந்தது, ஆனாலும் சிரிப்புதான். விதிப்படி இந்தப் பேச்சும் கூடாது. சிஸ்டர் மருந்துச் சீட்டில் மூழ்கிவிட்டார்.

நேரம் முடிந்தது. ரொட்டி முக்கால் பங்கு தட்டிலேயே இருந்தது. முதலாளி வாட்சைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சிஸ்டர் எழுந்து போய் ஒரு கப்பைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார். மிச்சம் வைத்தால் அதற்கு ஈடாக டாக்டர் அளந்து கொடுக்கும் பானம். வெள்ளைக் கப். படம் இல்லை, பெயர் இல்லை, பொன் எழுத்து இல்லை.

மகள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாய் குடித்து வைத்தாள். மறுபடி எடுத்தாள். சிஸ்டர் தன் தங்கை மாமியார் வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு வந்த கதையை எடுத்துவிட்டார். தங்கை பஸ்ஸில் ஏறுவதற்குள் கப்பில் முக்கால்வாசி இறங்கியிருந்தது.

முதலாளி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடத் தொழில் அவருக்குள் விழித்துக்கொண்டது. இது எந்தக் கம்பெனி? எவ்வளவுக்குக் கொடுக்கிறான்? வாயைத் திறந்தார்.

மகள் கப்புக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டார்.